டவரை மண்ணுக்குள் இறக்கலாமா? மலையகமும் உயர் மின்னழுத்தக் கேபிள் சுரங்கமும்

2021 டிசம்பர் 3ஆம் திகதியும் 2023 டிசம்பர் 9ஆம் திகதியும் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. இரண்டு நாளும் கோளாறு தொடங்கிய இடம் ஒன்றுதான்: மலையகத்தின் கொத்மலை மின்நிலையத்திலிருந்து கொழும்புக்கு அருகே உள்ள பியகமவுக்கு இறங்கும் 220 கிலோவோல்ட் பரிமாற்ற வழி. பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகளைக் குலைத்துப் போட்டது. அதன் பின் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “இந்தக் கம்பிகளை எல்லாம் மண்ணுக்குள் போட்டுவிட்டால் என்ன?”

போடலாம். ஆனால் எந்தக் கம்பியை, எந்த ஆழத்தில், எத்தனை கிலோமீட்டருக்கு என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும்.

எந்தக் கம்பியைப் பற்றிப் பேசுகிறோம்

லயன் வீட்டுக்குப் பக்கத்தில் மரம் விழுந்து அறுந்து கிடக்கும் கம்பி பெரும்பாலும் 400 வோல்ட் அல்லது 11, 33 கிலோவோல்ட் விநியோகக் கம்பி. அதை நிலத்தடியில் கொண்டுபோவது வேறு கணக்கு. மின்நிலையத்திலிருந்து உபமின்நிலையம் வரை இரும்பு டவர்களில் போகும் 132, 220 கிலோவோல்ட் வழிகளைப் பற்றியதே இந்தக் கட்டுரை. வீட்டில் கரண்ட் அடிக்கடி போவதற்கு இவை காரணமல்ல. இவை விழுந்தால் ஒரு மாவட்டமோ முழு நாடோ இருண்டுவிடும், அதுதான் வித்தியாசம்.

நிலத்தடி என்று சொல்வதிலும் மூன்று வகை உண்டு.

1. நேரடிப் புதைப்பு: ஒன்றரை மீட்டர் அளவு ஆழமான குழி வெட்டி, மணல் படுக்கையில் கேபிளை வைத்து மூடுவது.
2. குழாய் வழி: கொங்கிரீட்டுக்குள் பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்து, அவற்றுக்குள் கேபிளை இழுப்பது.
3. சுரங்கம்: ஆள் நடந்து போகக்கூடிய வழி அமைத்து, சுவர்த் தாங்கிகளில் கேபிளை வைப்பது.

கொழும்பில் 132 கிலோவோல்ட் கேபிள்கள் வீதிக்கு அடியில் போகின்றன. அங்கே முதல் இரண்டு வகையே போதும், தரை சமம். மலையில் அந்த இரண்டும்தான் ஆபத்தானவை. ஒரு டவர் வழி 300, 400 மீட்டருக்கு ஒரு முறைதான் மண்ணைத் தொடுகிறது. இடையில் பள்ளத்தாக்கையும் சரியும் மண்ணையும் ஆற்றையும் காற்றிலேயே தாண்டிவிடுகிறது. டவரின் நான்கு காலுக்கும் உறுதியான பாறை முகடாகப் பார்த்துக் கொடுத்தால் போதும். குழி வெட்டிப் புதைக்கும் கேபிளோ ஒவ்வொரு மீட்டரிலும் மண்ணை நம்பிக் கிடக்கிறது. சரிவு அரை மீட்டர் நகர்ந்தாலே இணைப்பு பிய்ந்துவிடும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு சரிவே கீழே வந்ததை நினைத்துப் பார்த்தால், அப்படிப்பட்ட மண்ணில் ஒன்றரை மீட்டர் குழி பாதுகாப்பே அல்ல என்பது புரியும். கூடவே, வெட்டிய குழியே மழைநீரைச் சரிவுக்குள் கொண்டுபோகும் கால்வாயாகிவிடும்.

ஆகவே மலையகத்தில் ‘நிலத்தடி’ என்றால், நகரக்கூடிய மண்ணுக்குக் கீழே, தாய்ப் பாறைக்குள் குடைந்த சுரங்கம் என்றே பொருள் கொள்ள வேண்டும். இனி வருவது அந்தச் சுரங்கத்துக்குள் கேபிளை எப்படி அடுக்குவது என்பது.

கேபிளுக்குள் என்ன இருக்கிறது

டவர்க் கம்பிக்குக் காவலி (மின்சாரம் வெளியே பாயாமல் தடுப்பது) காற்றுதான், அது இலவசம். கேபிளில் அந்தக் காற்றின் வேலையை இரண்டு சென்டிமீட்டர் அளவு பிளாஸ்டிக் செய்கிறது. 2000 சதுர மில்லிமீட்டர் செப்புக் கடத்தியுள்ள 220 கிலோவோல்ட் கேபிளை உள்ளிருந்து வெளியே பார்த்தால்: பல துண்டங்களாகப் பிரித்து முறுக்கிய செப்பு, மெல்லிய அரைக்கடத்திப் படை, குறுக்குப் பிணைப்புப் பொலித்தீன் காவலி (எக்ஸ்எல்பிஇ, சுமார் 22 முதல் 24 மில்லிமீட்டர்), மீண்டும் அரைக்கடத்திப் படை, தண்ணீர் பட்டால் ஊதி அடைக்கும் நாடா, நெளிவான அலுமினிய உறை, கடைசியில் பொலித்தீன் மேலுறை. மொத்த விட்டம் ஏறத்தாழ 130 மில்லிமீட்டர், எடை மீட்டருக்குச் சுமார் 30 கிலோ.

பரிமாற்ற வழியில் மின்சாரம் மூன்று பேஸாக, மூன்று தனிக் கடத்திகளில் போகும்; மூன்றும் சேர்ந்தது ஒரு சுற்று. ஒரு கேபிள் ஒரு பேஸ் மட்டுமே. ஆகவே ஒரு சுற்றுக்கு மூன்று கேபிள், இரண்டு சுற்றுக்கு ஆறு.

நினைவில் வைக்க வேண்டிய வெப்ப எல்லைகள் இரண்டு. எக்ஸ்எல்பிஇ காவலி தொடர்ந்து தாங்குவது 90 பாகை செல்சியஸ். குறுஞ்சுற்று (ஷார்ட் சர்க்கிட்) நேரும் சில விநாடிகளுக்கு 250 பாகை. கேபிளை அடுக்கும் விதிகளில் பாதி இந்த 90ஐக் காப்பாற்றுவதற்கு, மீதி அந்தச் சில விநாடிகளைத் தாங்குவதற்கு.

சுரங்கத்துக்குள் அடுக்குவது

1. சுற்றுக்கு ஒரு சுவர்

இரண்டு சுற்றுகள் இருந்தால் இடச்சுவரில் ஒன்று, வலச்சுவரில் ஒன்று. நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் நடைவழி. ஒரே சுவரில் இரண்டையும் மேலும் கீழுமாக வைத்தால் கீழ்க் கேபிள் வெடித்துக் கிளம்பும் தீ மேலே உள்ளதையும் கொண்டுபோகும். அப்புறம் இரண்டு சுற்று என்பது பேச்சளவில்தான்.

எது மேலே, எது கீழே என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. உயர் மின்னழுத்தம் மேல் தட்டில், தாழ் மின்னழுத்தம் அதற்குக் கீழே, கட்டுப்பாட்டுக் கம்பிகள் கடைசியில் என்பது ஒன்று. மேலிருந்து தீப்பொறி விழும், ஆனாலும் பாரிய கேபிள்களுக்கு வெப்பம் வெளியேற வசதி. இதைத் தலைகீழாக்குவது மற்றது. மலைச் சுரங்கத்துக்கு இரண்டாவதே பொருத்தம் என்று சொல்லலாம். மீட்டருக்கு 30 கிலோ எடையுள்ள கேபிளைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, 2 மீட்டருக்குக் குறையாத வளைவு ஆரத்தில் திருப்பி, ஒடுங்கிய இடத்தில் இணைப்பு போடுவது சிரமம். கட்டுப்பாட்டுக் கம்பி, ஒளியிழை, விளக்குக் கம்பி ஆகியவற்றுக்குத் தனியாக மூடிய தட்டு வேண்டும். தொலைபேசிக் கம்பியை 220 கிலோவோல்ட் கேபிளோடு ஒரே பக்கத்தில் நீளத்துக்கும் கொண்டுபோகக் கூடாது, அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். குடிநீர்க் குழாயையும் சேர்த்துக் கொண்டுபோக ஆசைப்பட்டால் அதற்குத் தனி அறை வேண்டும். குழாய் வெடித்தால் சுரங்கம் தொட்டியாகிவிடும்.

2. முக்கோணமா, வரிசையா

மூன்று கேபிளையும் ஒன்றையொன்று தொடும்படி முக்கோணமாகக் கட்டினால் காந்தப்புலம் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், உலோக உறையில் தூண்டப்படும் மின்னழுத்தமும் குறையும். ஆனால் ஒன்றின் சூடு மற்றதையும் சூடேற்றும். 300 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையில் வைத்தால் ஒவ்வொன்றும் நன்றாக ஆறும், உறை மின்னழுத்தம் கூடும்.

குறுஞ்சுற்று விசையில் வேறுபாடு இன்னும் பெரிது. 40 கிலோ அம்பியர் குறுஞ்சுற்றின் முதல் உச்சம் 100 கிலோ அம்பியரைத் தொடும். அந்தக் கணத்தில் முக்கோணமாகக் கட்டிய கேபிள்களைப் பிரித்தெறியும் விசை மீட்டருக்குச் சுமார் 13 கிலோ நியூட்டன், அதாவது மீட்டருக்கு 1.3 தொன். 300 மில்லிமீட்டர் இடைவெளியில் அது 6 கிலோ நியூட்டனுக்கும் குறைவு. முக்கோணம் வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டருக்கு ஒரு பிடி, ஒவ்வொரு பிடியும் 20 கிலோ நியூட்டனைத் தாங்க வேண்டும். பிளாஸ்டிக் கட்டு நாடாவை நம்பக் கூடாது.

3. பிடி எந்த உலோகம்

இது சின்ன விடயம் போலத் தெரியும், அதிகம் தவறுவதும் இங்கேதான். ஒரே ஒரு பேஸ் கேபிளைச் சுற்றி இரும்பு வளையம் மூடியிருக்கக் கூடாது. மாறுமின்னோட்டத்தின் காந்தப்புலம் அந்த வளையத்தைச் சூடாக்கி, அதே இடத்தில் கேபிள் மேலுறையை உருக்கிவிடும். அலுமினியக் கலவை, காந்தப் பண்பற்ற துருவேறா உருக்கு, நைலோன் ஆகியவற்றில்தான் பிடி வேண்டும். தாங்கி நாகமுலாம் பூசிய இரும்பாக இருக்கலாம், அது வளையமாக மூடுவதில்லை. சுவரைத் துளைத்து ஒவ்வொரு பேஸையும் தனித்தனித் துளை வழியாக இரும்புத் தகட்டினூடே கொண்டுபோனாலும் இதே கதைதான். தகட்டில் துளைகளுக்கு இடையே வெட்டு விட வேண்டும், அல்லது மூன்றையும் ஒரே துளையால் எடுக்க வேண்டும். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வளையங்களையும் மறக்கக் கூடாது.

4. பாம்பு போல வளைத்து வைப்பது

செப்பு 65 பாகை சூடேறினால் மீட்டருக்கு 1.1 மில்லிமீட்டர் நீளும். 500 மீட்டர் கேபிளில் அது 55 சென்டிமீட்டர். நீள இடம் கொடாமல் இறுக்கிப் பிடித்தால் பல தொன் தள்ளுவிசை இணைப்புகளில் போய் இறங்கும். நேராக, தளர்வாக வைத்தாலோ எங்காவது ஓரிடத்தில் திடீரெனப் புடைக்கும். 6 மீட்டர் இடைவெளித் தாங்கிகளில் நேராகக் கிடந்த கேபிள் நடுவில் 12 சென்டிமீட்டர் வரை விலகலாம்.

அதனால் வைக்கும்போதே ஒவ்வொரு 6 மீட்டருக்கும் கேபிளின் விட்டமளவு, அதாவது 13 சென்டிமீட்டர், தொய்வு கொடுத்துவிடுவார்கள். இப்போது அதே சூட்டில் தொய்வு 13இலிருந்து சுமார் 18 சென்டிமீட்டராகும். அசைவு 5 சென்டிமீட்டர்தான், அதுவும் எங்கே அசையும் என்று முன்கூட்டியே தெரியும். தட்டுகளுக்கிடையே இடைவெளி வகுக்கும்போது இந்த 18ஐ எண்ண வேண்டும், 13ஐ அல்ல.

5. சரிவில் கேபிள் நடக்கும்

சமதரை நூல்களில் ஒரு பந்தியோடு முடியும் இந்த விடயம்தான் மலையில் தலையாயது. சாய்ந்த சுரங்கத்தில் பகலில் சூடேறும் கேபிள் எடை இழுக்கும் பக்கமாக, கீழே, நீள்கிறது. இரவில் சுமை குறைந்து குளிரும்போது அதே அளவு மேலே திரும்புவதில்லை. நாளுக்கு அரை மில்லிமீட்டர் என்றாலும் வருடத்தில் 18 சென்டிமீட்டர். கீழ் இணைப்பு நசுங்கும், மேல் இணைப்பு பிரியும்.

இதற்கு மூன்று மருந்து:
(அ) ஒவ்வொரு பாம்பு வளைவின் முனையிலும் நழுவாத இறுக்குப் பிடி.
(ஆ) இணைப்பு அறை சரிவில் கூடாது. படிக்கட்டின் இடைத்தளம் போலச் சமமாக வெட்டிய இடத்தில் வைத்து, இணைப்பின் மேற்புறம் நங்கூரப் பிடி போட வேண்டும்.
(இ) உள்ளே கடத்தி தனியாக நழுவாதபடி நெளிவு உறையுள்ள கேபிள்.

செங்குத்துத் தண்டில் கணக்கு இன்னும் வெளிப்படை. 200 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கேபிளின் எடை 6 தொன். அதை உச்சியில் தொங்கவிடக் கூடாது, ஒவ்வொரு பிடியும் தன் பங்கைச் சுமக்க வேண்டும். பழைய எண்ணெய்க் கேபிள் மலைக்கு ஏன் தொல்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும்: 100 மீட்டர் உயர வேறுபாட்டில் கீழ் முனையில் எண்ணெயின் அழுத்தம் மட்டும் 8 பாருக்கு மேல்.

உலோக உறை: கண்ணுக்குத் தெரியாத மின்னழுத்தம்

கேபிளின் அலுமினிய உறை வெறும் கவசம் அல்ல. கடத்தியில் ஓடும் மின்னோட்டம் அதில் மின்னழுத்தத்தைத் தூண்டும். முக்கோண அமைப்பில் 1000 அம்பியருக்குக் கிலோமீட்டருக்கு 50 வோல்ட் அளவு, 300 மில்லிமீட்டர் வரிசையில் 100ஐத் தாண்டும். உறையை இரு முனையிலும் புவித்தொடுப்புச் செய்தால் மின்னழுத்தம் போய்விடும், ஆனால் உறையில் சுற்று மின்னோட்டம் ஓடி வெப்பம் கூடும், கேபிளின் கொள்திறன் குறையும். ஒரு முனையில் மட்டும் செய்தால் மற்ற முனையில் மின்னழுத்தம் நிற்கும், சில நூறு மீட்டருக்கு அது சரி.

நீண்ட வழிகளுக்குக் குறுக்கு இணைப்பே வழக்கம். வழியை மூன்று சம துண்டாக்கி, ஒவ்வொரு எல்லையிலும் முதற் பேஸின் உறையை இரண்டாவதோடு, இரண்டாவதை மூன்றாவதோடு என மாற்றிக் கோத்துவிட்டால் மூன்று தூண்டல்களும் ஒன்றையொன்று சமன் செய்யும். இதில் நிபந்தனை, துண்டுகள் சமமாகவும் மூன்றின் மடங்காகவும் இருக்க வேண்டும். இணைப்புப் பெட்டிக்குள் ஒரே ஒரு கம்பியை மாற்றிக் கோத்தாலும் சமநிலை குலைந்து நூற்றுக்கணக்கான அம்பியர் உறையில் ஓடும். முழுச் சுமையில் மூன்று உறைகளின் மின்னோட்டத்தையும் அளந்து பார்த்தாலே இந்தப் பிழை அகப்படும். அளக்காமல் கையொப்பமிடும் வழக்கமும் உண்டு.

சூடு, காற்று, உயரம்

கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம். 220 கிலோவோல்ட்டில் 1000 அம்பியர் ஏறத்தாழ 380 மெகாவோல்ட் அம்பியர். கொத்மலையின் 201 மெகாவாட்டையும் மேல் கொத்மலையின் 150 மெகாவாட்டையும் சேர்த்து ஒரே சுற்றில் அனுப்பலாம். அந்த ஓட்டத்தில் ஒரு கேபிள் மீட்டருக்கு 13, 14 வாட் வெப்பம் விடும். உறை இழப்பு, காவலி இழப்பு எல்லாம் சேர்த்து ஆறு கேபிளுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 90 கிலோவாட். தொண்ணூறு மின்சார இஸ்திரிப்பெட்டியை ஒரு கிலோமீட்டர் குகையில் பரத்தி வைத்தது போல.

உள்ளே வரும் காற்று 15 பாகை மட்டும் சூடேறி வெளியேற வேண்டுமென்றால் விநாடிக்கு ஐந்தரைக் கனமீட்டர் காற்று தேவை. இரண்டரை மீட்டர் சதுரச் சுரங்கத்தில் அது விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகம், தாராளமாக முடியும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு என்பது கொழும்புக்கு இல்லாத வரம்.

ஆனால் அதே உயரத்துக்கு இரண்டு விலையும் கொடுக்க வேண்டும். நுவரெலியா இருக்கும் 1868 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒரே விசிறி, ஒரே சுழற்சி, ஆனால் அள்ளிப்போகும் வெப்பம் குறைவு. அடுத்தது சுரங்க வாயில். கேபிள் வெளியே வந்து டவர்க் கம்பியோடு சேரும் முனைக் காவலிகள் 1000 மீட்டருக்கு மேல் உயரத் திருத்தம் கேட்கும். நுவரெலியா உயரத்தில் அது பத்து வீதத்துக்குச் சற்று மேல். அந்தத் திருத்தம் இல்லாமல் வாங்கிய முனைக் காவலி ஒரு பனி இரவில் மேற்பரப்பு வழியாக மின்பொறி பாய்ந்து செயலிழக்கலாம்.

வாயிலில் இடி மின்னல் பிரச்சினையும் இருக்கிறது. டவர்க் கம்பியில் வரும் மின்னல் அலை கேபிளுக்குள் நுழைந்து மறுமுனையில் எதிரொலித்து ஏறும். இரு முனையிலும் மின்னல் தடுப்பி கட்டாயம். அவை வேலை செய்ய நல்ல புவித்தொடுப்பு வேண்டும், மலைப் பாறையோ மின்சாரத்தைச் சுலபத்தில் ஏற்காது. சில மீட்டர் செப்புத் தண்டு அடித்து முடிகிற வேலை அல்ல இது. ஆழ்துளை போட்டு, கடத்தும் களிமண் நிரப்பி, சுரங்கம் நெடுகச் செப்புப் பட்டையை ஓடவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்க வேண்டும்.

தண்ணீர்

மலையகப் பாறை பெரும்பாலும் பழைய உருமாற்றப் பாறை. அது உறுதியானது, ஆனால் வெடிப்புகள் நிறைந்தது. வெடிப்புகளில் நீர் நிற்கும். 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் நீர்ச் சுரங்கத்தைப் பண்டாரவளைப் பக்கம் குடைந்தபோது நிலத்தடி நீர் பெருமளவில் உள்ளே பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. கேபிள் சுரங்கம் அதைவிடச் சிறியது, ஆழமும் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த ஆழத்தில்தான் தோட்டத்துப் பீலிகளுக்கு நீர் கொடுக்கும் ஊற்றுகள் இருக்கின்றன. ஒரு லயத்துக்கே ஒரு பீலி என்றிருக்கும் இடத்தில் அது வற்றுவது சிறிய சேதம் அல்ல.

செய்ய வேண்டியது தெரிந்ததே. முகப்பிலிருந்து 20, 30 மீட்டர் முன்னே துளையிட்டுப் பார்த்து, நீர் கண்டால் சீமெந்துக் கூழைச் செலுத்தி அடைத்த பிறகே குடைவது. சுரங்கத் தரையை 200க்கு 1 என்றாவது வாயில் பக்கம் சாய்ப்பது. நீர்ப்பம்பிகள் நின்றாலும் தண்ணீர் தானாக வெளியேறும் வழி வைப்பது. மின்சாரம் போன நாளில்தானே மழையும் வெளுத்து வாங்கும்.

கொண்டுவருவது, இழுப்பது, இணைப்பது

500 மீட்டர் கேபிள் 15 தொன். இரும்பு உருளையோடு 17, 18 தொன், உருளையின் விட்டம் 4 மீட்டர் அளவு. தாழ்தட்டு டிரெய்லரில் ஏற்றினால் மொத்த உயரம் 5 மீட்டரை நெருங்கும். இறம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளிலும், தோட்டத்து வீதிப் பாலங்களிலும், தாழ்ந்து தொங்கும் கம்பிகளுக்கு அடியிலும் அதைக் கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் உருளைக்கு 300 மீட்டர் என்று குறைப்பார்கள். அதன் விலை எண்ணிக்கையில் தெரியும். 4.5 கிலோமீட்டர் சுரங்கத்தில் 500 மீட்டர்த் துண்டு என்றால் 9 துண்டு, 8 இணைப்பிடம், ஆறு கேபிளுக்கு 48 இணைப்பு. 300 மீட்டர் என்றால் 15 துண்டு, 84 இணைப்பு. கேபிள் பழுதுகளில் பெரும்பகுதி இணைப்பிலும் முனையிலும்தான் நேர்கிறது. ஒரு கொண்டை ஊசி வளைவை அகலப்படுத்தாததால் 36 கூடுதல் பலவீனப் புள்ளிகள் சுரங்கத்துக்குள் வந்துவிடுகின்றன.

இழுக்கும் விசையைப் பார்ப்போம். உருளிகளின் மேல் சமதரையில் 500 மீட்டர் இழுக்கச் சுமார் 30 கிலோ நியூட்டன் போதும். ஆறுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் அது 54ஐத் தொடும். அதன் பிறகு ஒரு 90 பாகை வளைவு வந்தால் 70க்கு மேல். 2000 சதுர மில்லிமீட்டர் செப்பு 100 கிலோ நியூட்டன் தாங்கும்தான், ஆனால் வளைவில் சுவர்ப்பக்க அழுத்தம் முந்திக்கொண்டு மேலுறையை நசுக்கும். ஆகவே உருளையை மேல் வாயிலில் நிறுத்தி, தடையோடு கீழே இறக்குவதே முறை. தடை வழுக்கினால் 15 தொன் தானாக ஓடும். அதற்காகவே இடையிடையே மோட்டார் உருளிகளும் ஒரே பொத்தானில் எல்லாம் நிற்கும் ஏற்பாடும் வேண்டும்.

இணைப்பு போடுவதில் பனிமூட்டம் எதிரி. காவலியைச் சீவி, கண்ணாடி போல மெருகேற்றி, வார்ப்பு ரப்பர்க் கூட்டை அதன்மேல் ஏற்ற வேண்டும். ஒரு தூசோ ஒரு நீர்த்துளியோ உள்ளே அகப்பட்டால் அங்கிருந்து பகுதி மின்னிறக்கம் (காவலிக்குள் நுண்ணிய மின்பொறி) தொடங்கி, மாதங்கள் கழித்துத் துளைக்கும். கூடாரம் அடித்து, ஈரப்பதன் உறிஞ்சியை ஓடவிட்டு, 70 வீதத்துக்குக் கீழே ஈரப்பதன் இறங்கிய பிறகே மேலுறையைத் திறக்க வேண்டும். உருளையில் சுருண்டிருந்த கேபிள் முனையை 75, 80 பாகையில் சில மணி நேரம் சூடாக்கி நிமிர்த்துவதையும் குளிர் ஊரில் சுருக்கக் கூடாது.

முடிந்த பின் இரண்டு சோதனை. மேலுறைக்கு ஒரு நிமிடம் 10 கிலோவோல்ட் நேரோட்ட (டிசி) மின்னழுத்தம், இழுக்கும்போது கீறல் விழுந்ததா என்று சொல்லும். பிரதான காவலிக்கு 220 கிலோவோல்ட் கேபிளென்றால் ஒரு மணி நேரம் 180 கிலோவோல்ட், 132 கிலோவோல்ட் கேபிளென்றால் 132 கிலோவோல்ட் மாறுமின்னழுத்தம். இதற்குரிய ஒத்ததிர்வுச் சோதனைக் கருவியும் லொறியில்தான் வரவேண்டும், அதே வளைவுகள் வழியாக.

தீத் தடுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 200 மீட்டருக்கு ஒரு தீத்தடுப்புக் கதவு, இணைப்புகளுக்குத் தீத்தாங்கு மூடி, கேபிள் நெடுக வெப்பம் அளக்கும் ஒளியிழை, புகை கண்டதும் விசிறிகள் தானாக நிற்கும் ஏற்பாடு. விசிறி நிற்காவிட்டால் அதுவே தீக்கு ஊதுகுழல்.

அப்படியானால் பியகம வரை ஏன் முடியாது

செலவு பல மடங்கு என்பது எல்லோரும் சொல்வது. அதைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு. கேபிள் என்பது மெல்லிய காவலியின் இருபுறமும் உலோகம், அதாவது நீண்ட கொள்ளளவி (கெப்பாசிட்டர்). 220 கிலோவோல்ட் கேபிள் ஒரு சுற்றுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 3 மெகாவார் மறுவினைத் திறனை (வேலை எதுவும் செய்யாமல் வழியில் போய்வரும் மின்திறனை) உண்டாக்கும். டவர்க் கம்பியில் அது 0.14 அளவுதான். கொத்மலை, பியகம இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இரண்டு சுற்றையும் கேபிளாக்கினால் 420 மெகாவார். இரவில் சுமை குறையும்போது இது மின்னழுத்தத்தை மேலே தள்ளும், இறக்கி வைக்க ரியாக்டர்களை (அந்தத் திறனை உறிஞ்சும் பெரிய சுருள்களை) வரிசையாக நிறுத்த வேண்டும். டோக்கியோவில் 2000ஆம் ஆண்டிலிருந்து 40 கிலோமீட்டர் 500 கிலோவோல்ட் கேபிள் சுரங்கத்தில் ஓடுகிறதே என்று கேட்கலாம். அது மாபெரும் வலையமைப்பின் நடுவில், டவர் நட இடமே இல்லாத நகரத்தில். எங்கள் வலையமைப்பு சிறியது, சிறிய வலையமைப்பு இத்தகைய ஊசலைத் தாங்காது.

பழுது பார்க்கும் நேரமும் எதிராகவே நிற்கிறது. மின்னலடித்த டவர் வழி ஒரு விநாடிக்குள் தானாக மீண்டும் இணைந்துவிடலாம், கம்பி அறுந்தாலும் சில நாளில் கட்டிவிடலாம். கேபிள் துளைத்தால் அது தானாக ஆறாது. தானியங்கி மீளிணைப்பை முடக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துளைத்த இடத்துக்கே மறுபடி 40 கிலோ அம்பியரை ஊட்டுவதாகும். திருத்த வாரங்கள் போகும்.

எங்கே பொருந்தும்

1. நிலத்தடி மின்நிலையத்திலிருந்து வெளியேறும் வழி. கொத்மலையும் மேல் கொத்மலையும் உமா ஓயாவும் பாறைக்குள் இருக்கும் நிலையங்கள். அப்படிப்பட்ட இடத்தில் மின்சாரம் எப்படியும் மேலே ஏறியாக வேண்டும், சுரங்கமோ தண்டோ தவிர்க்க முடியாதது.
2. வீடுகள் நெருங்கிய உபமின்நிலையத்துக்குள் நுழையும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர்.
3. முகட்டிலும் டவருக்கு நிலையான கால் கிடைக்காத, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று குறித்த சரிவுத் தொடர். இங்கும் முதலில் வழியைத் திருப்பிப் பார்ப்பதே மலிவு. அது முடியாதபோதுதான் சுரங்கம்.

உங்கள் ஊர்ப் பக்கம் அப்படியொரு திட்டம் அறிவிக்கப்பட்டால், அறிக்கையில் நான்கு விடயங்களைத் தேடுங்கள். வாயில்கள் இரண்டும் சரியும் மண்ணுக்கு வெளியே இருக்கின்றனவா, ஏனெனில் நடுச் சுரங்கம் பாறைக்குள் பத்திரமாக இருந்தும் வாயில் புதைந்தால் பயனில்லை. டவரும் கேபிளும் கலந்த வழியில் பழுது கேபிள் பகுதியில்தானா என்று பிரித்தறியும் தனிப் பாதுகாப்பு இருக்கிறதா. ஒவ்வொரு வகைக்கும் உதிரி இணைப்பும், குறைந்தது ஓர் உருளை உதிரிக் கேபிளும் நாட்டுக்குள் வைத்திருப்பார்களா, கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டுமா. குடைவதற்கு முன் ஒரு வருடமாவது, மழைக்கும் வெயிலுக்கும், சுற்றியுள்ள கிணறுகளினதும் பீலிகளினதும் நீரளவை எழுதி வைத்திருக்கிறார்களா. அந்தப் பதிவு இல்லாவிட்டால், பின்னால் பீலி வற்றும்போது “அது முன்பே குறைந்துதான் ஓடியது” என்ற பதிலை மறுக்கத் தோட்டத்து மக்களின் கையில் எதுவும் இருக்காது.